மூன்று நாள் சாரணர் பாசறைக்கு மகனை அனுப்பலாமா? நண்பர்கள் கிடைப்பார்களா?

கண்டாவளை அம்மா | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம். மகன் தரம் 9 படிக்கிறான், ஒரே பிள்ளை. காலையில் பாடசாலை, பின்னேரம் தனியார் வகுப்பு, இரவில் கைபேசி. வகுப்பில் அவனோடு 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் படலையில் வந்து நின்று அவன் பெயரைக் கூப்பிட இன்றுவரை ஒருவன் வந்ததில்லை. பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடுவோம் என்று கேட்டேன். "ஒருவரும் வேண்டாம் அம்மா" என்றான். அதைக் கவலையோடு சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சாதாரணமாகச் சொன்னான்.

போன வருடம் சாரணர் குழுவில் சேர்ந்தான். இப்போது சித்திரை விடுமுறையில் முத்தையன்கட்டுப் பக்கம் மூன்று நாள் பாசறை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்களாம். சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான்கு நாட்களாக அந்தக் கடிதம் என் அலுமாரிக்குள் கிடக்கிறது.

உண்மைக் காரணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "பிள்ளைகள் கூடாரத்தில் தங்குவார்கள்" என்று அதில் இருக்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் நாங்கள் கூடாரத்தில் இருந்தோம். தறப்பாள் என்ற சொல் காதில் விழுந்தாலே அந்த வெக்கையும் மணமும் எனக்கு வந்துவிடும். மகன் அதற்குப் பிறகு பிறந்தவன், அவனுக்கு இது தெரியாது. என் பயத்துக்காக அவனை மறிப்பது சரியா? அங்கே போனால் அவனுக்கு நண்பர்கள் கிடைப்பார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


வவுனிக்குளத்தான் | திங்கள், இரவு 11.15

அக்கா, உங்கள் கடைசிப் பந்தியை இரண்டு தடவை வாசித்தேன். நானும் மெனிக்பாமில் இருந்தவன்தான். அப்போது எனக்குப் பத்து வயது. 2013 இல் முதன்முதலாகச் சாரணர் பாசறைக்குப் போகக் கேட்டபோது என் அம்மா, "கூடாரத்தில் இருந்தது உனக்குக் காணாதா?" என்று கேட்டார். அப்பாதான் அனுப்பிவைத்தார்.

முதல் நாள் இரவே மழை. தடித்த துணிக் கூடாரம், உள்ளே எட்டுப் பேர். துளிகள் கூரையில் விழத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வவுனியா நகரத்துப் பையன் ஒருவன் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டிக் கூரைத் துணியைத் தடவினான். "தொடாதே, ஒழுகும்!" என்றேன். அதே நேரத்தில் அதே சொற்களை இன்னொரு குரலும் சொன்னது. நனைந்த துணியை உள்ளே இருந்து தொட்டால் அந்த இடத்தால் தண்ணீர் இறங்கும் என்பது கூடாரத்தில் மாரியைக் கழித்தவனுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு இருட்டுக்குள் அந்தக் குரல் கேட்டது: "நீ எந்த வலயம்?"

அவன் புதுக்குடியிருப்புப் பையன். அன்று காலையில்தான் கூடாரக் கயிற்றை யார் பிடிப்பது என்று என்னோடு சண்டை பிடித்திருந்தான். நாங்கள் விடியும்வரை பேசினோம். எங்கள் இரண்டு குடும்பமும் மெனிக்பாம் முகாமின் அடுத்தடுத்த வலயங்களில் இருந்திருக்கின்றன. தண்ணீர் வரிசை, தொலைந்துபோன அவனுடைய நாய்க்குட்டி, எங்களோடு வராத என் மாமா என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லாத கதைகளை அவனிடம் சொன்னேன். வீட்டில் சொன்னால் அம்மா அழுவார். அவனிடம் அந்தப் பயம் இருக்கவில்லை.

இன்று அவன் மேசன் வேலை செய்கிறான். என் தங்கையின் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து பந்தல் போட்டான்.

அக்கா, மெனிக்பாமில் எங்களைக் கொண்டுபோய் இருத்தினார்கள். பாசறையில் கூடாரத்தை நாங்களே அடித்தோம், மூன்றாம் நாள் நாங்களே முளைகளைப் பிடுங்கி, துணியை உதறி, மடித்துக் கட்டினோம். முளையைப் பிடுங்கிய அந்த நேரத்தில் நெஞ்சு எவ்வளவு லேசானது என்பதை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையொப்பம் வையுங்கள்.


விசுவமடு அப்பா | செவ்வாய், காலை 6.20

தம்பியின் கதை மனதைத் தொடுகிறது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தை ஒருவர் சொல்லத்தான் வேண்டும். தரம் 9 என்றால் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம்தான். யுத்தத்தால் ஏற்கெனவே ஒரு தலைமுறை படிப்பை இழந்துவிட்டோம். என்னுடைய பிள்ளைக்கு மூன்று நாளும் பெரிது.

அடுத்தது பாதுகாப்பு. முத்தையன்கட்டு யானை நடமாடுகிற இடம். கண்ணிவெடி எல்லாம் எடுத்து முடிந்துவிட்டதா? விறகு பொறுக்கப் போகிற பிள்ளை காட்டுக்குள் எங்கே கால் வைக்கும் என்று யார் பார்ப்பது? நண்பன் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டிலும் கிடைப்பான்.


ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், ஒட்டுசுட்டான் | செவ்வாய், மாலை 5.05

விசுவமடு ஐயா கேட்பது நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. அதனால்தான் நாங்கள் பிள்ளைகளைப் புதுக் காட்டுக்குள் கொண்டுபோவதே இல்லை. பாசறை நிலம் எப்போதும் சனம் புழங்குகிற நிலமாக இருக்கும்: பாடசாலை மைதானம், கோயில் வெளி, குளக்கட்டை அண்டிய மேய்ச்சல் தரை. நடைப்பயணம் மாட்டுவண்டித் தடத்தோடு சரி. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் கண்டால், நடந்துவந்த அடியிலேயே திரும்பிவர வேண்டும். இன்னதென்று தெரியாத இரும்பு எதையும் தொடக்கூடாது. விறகை நாங்கள் முன்கூட்டியே ஊரில் வாங்கி அடுக்கிவிடுவோம். யானை வரும் வழியை ஊர் விவசாயிகளிடம் கேட்காமல் ஒரு கூடாரமும் அடிக்க விடமாட்டேன். உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகிறவர் இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். இதை நானே சொல்கிறேன்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் சாரணர் குழு நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளை வட்டமாக இருத்தி "பெயரையும் ஊரையும் சொல்லு, எல்லோரும் நண்பர்களாகுங்கள்" என்றால் ஒருவரும் நண்பராவதில்லை. ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறேழு பேரைச் சேர்த்து ஒரு பானை, அரிசி, பருப்பு, நாலு தேங்காய் கொடுத்து, "பன்னிரண்டரைக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். அடுப்புக் கல் ஆடும், புகை கண்ணைக் கரிக்கும், சோறு அடிப்பிடிக்கும். கஞ்சி வடிக்கும்போது பானையின் மறுபக்கத்தைப் பிடிக்க ஒருவன் வந்துதான் ஆகவேண்டும். பேச்சே வராத பிள்ளைக்கும் அந்த இடத்தில் "டேய், மெதுவாகச் சரி" என்று வாய் திறக்கும்.

அணி பிரிக்கும்போது ஒரே பாடசாலைப் பிள்ளைகளை ஒன்றாகப் போடமாட்டேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1907 ஆகஸ்டில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் நடத்திய முதல் பாசறைக்கு இருபது பையன்கள் அளவில்தான் வந்தார்கள். சிலர் பணக்காரர் படிக்கும் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள், மற்றவர்கள் பூல், போர்ன்மத் ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கமாட்டாதவர்கள். அவர்களை நான்கு அணிகளாகக் கலந்துவிட்டார். ஐந்து வருடத்துக்குள், 1912 இல், சாரணியம் இலங்கைக்கு வந்து மாத்தளையில் தொடங்கியது. நாங்கள் அதே முறையைத்தான் இன்றும் செய்கிறோம்.

முடிச்சு வகுப்பைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கரையோரப் பிள்ளை வலை முடிச்சை இருட்டில்கூடப் போடுவான். துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைக்கு மாடு கட்டுகிற முடிச்சு கைப்பழக்கம். இரண்டு பேரையும் பக்கத்தில் இருத்தினால், நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னமே ஒருவன் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்திருப்பான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒரு பாசறையில், சப்பாத்து இல்லாமல் செருப்போடு வந்த பிள்ளையை அணிவகுப்பில் பின்னுக்கு நிற்கச் சொன்னார்கள். அவன் அடுத்த வாரமே கழுத்துப்பட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டும் திரும்பி வரவில்லை. இன்னமும் அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்கவில்லை. எல்லாச் சாரணருக்கும் நண்பனாக இருப்பேன் என்று பிள்ளைகளை உறுதிமொழி எடுக்கவைத்துவிட்டு, பெரியவர்கள் நாங்களே அதை மீறினோம்.


முருங்கன் தங்கச்சி | செவ்வாய், இரவு 8.30

ஆண் பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் பெண் சாரணியராக இருந்தவள். எங்களுக்கு நட்பு கிடைப்பது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

வவுனியாவில் நடந்த பாசறையில் நெடுங்கேணிப் பிள்ளை ஒருத்தி எனக்குத் தோழியானாள். இரவுக் காவலுக்கு இரண்டு பேர் இரண்டு பேராக நிற்க விட்டார்கள். ஒரே ஒரு ரோச் லைட். பற்றரியை மிச்சம் பிடிக்க அதை அணைத்துவிட்டு, நட்சத்திரத்தைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டே நின்றோம். அவள் சைவம், நான் கத்தோலிக்கம். எங்கள் இரண்டு பேரிடமும் கைபேசி இருக்கவில்லை, வீட்டுக் கைபேசியை அண்ணாமார் கொடுக்கமாட்டார்கள். அதனால் கடிதம் எழுதினோம். முதல் கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம். பதில் வராது என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பாசறையில் எனக்கு ஒன்பது பேர் முகவரி தந்தார்கள். இன்று இவள் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்களிடம் "கட்டாயம் சந்திப்போம்" என்று சொன்னோம். இவளிடம் மட்டும் "ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு வா" என்று நாளும் இடமும் சொல்லியிருந்தேன். ஆகஸ்ட் 15 அன்று தகப்பனோடு வந்து நின்றாள். அடுத்த வைகாசியில் நான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர்கள் வீட்டாரோடு போனேன். அந்த வருடத்திலிருந்து இரண்டும் எங்களுக்குத் தவறுவதில்லை.

அம்மா, மகனுக்கு இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பஸ் ஏறுவதற்கு முன்னம், அடுத்த சந்திப்புக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வரட்டும்.


ஏ9 பயணி | புதன், மதியம் 1.10

நான் கிளிநொச்சி. 2016 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த தேசிய ஜம்போரிக்கு, அதாவது நாடளாவிய பெரிய சாரணர் பாசறைக்குப் போனேன். நாடு முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நண்பன் கிடைப்பது முடியாத காரியம் என்று முதல் நாள் நினைத்தேன். கடைசியில் தண்ணீர்க் குழாய் வரிசையில்தான் கிடைத்தான். குருநாகல் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் பத்துச் சொல்தான். அவனுடைய கானை நானும் என்னுடைய கானை அவனும் மாறித் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். திருப்பிக் கொடுக்கத் தேடிப்போனதில் தொடங்கியது.

சாரணர் இடது கையால் கைகுலுக்குவார்கள். வலது கையில் தண்ணீர்க் கான் இருந்ததால் எங்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. பின்னேரம் அவனுடைய அணிக்குக் கிளித்தட்டு விளையாடப் பழக்கினோம். கோட்டில் நிற்பவன் எப்படி மறிக்க வேண்டும் என்று விளக்க மொழி தேவைப்படவில்லை, இரண்டு முறை பிடிபட்டதும் விளங்கிக்கொண்டார்கள். கடைசி நாள் கழுத்துப்பட்டியை மாற்றிக்கொண்டோம்.

அடுத்த வருடம் யாழ்தேவி ரயிலில் கிளிநொச்சிக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் நின்றான். இரணைமடுவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா ஒடியற்கூழ் காய்ச்சினார். பிலாவிலையில் கோலிக் கொடுத்ததை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான். எங்கள் அப்பம்மா சிங்களம் பேசுகிற பையன் ஒருவனைச் சீருடையும் துப்பாக்கியும் இல்லாமல் எங்கள் முற்றத்தில் கண்டது அதுதான் முதல் தடவை. அவன் வெளிக்கிடும்போது அவனுடைய தலையைத் தடவினார். நான் அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனாலும் அமைதியான பிள்ளைக்கு முதலில் சிறிய பாசறைதான் நல்லது. ஜம்போரியில் கூச்சமுள்ள பிள்ளை சொந்தக் குழுவை விட்டு அசையாது.


விசுவமடு அப்பா | புதன், இரவு 7.45

ஆசிரியர் ஐயா கண்ணிவெடி பற்றியும் யானை பற்றியும் சொன்ன பதில் எனக்குத் திருப்தி. படிப்பு பற்றிய என் கருத்தை மாற்றவில்லை. பரீட்சை நெருங்கும் பிள்ளைக்குப் பாசறை வேண்டாம் என்பேன், இன்னமும் அதில் நிற்கிறேன்.

ஆனால் நேற்று இரவு இதை வாசித்துவிட்டு என் மகனிடம், "உன்னுடைய நெருங்கிய நண்பன் யார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, தனியார் வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பையனைச் சொன்னான். அவனுடைய வீடு எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றான். நான்கு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் நண்பன் கிடைப்பான் என்று எழுதியிருந்தேன். என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த வரியை மீளப் பெறுகிறேன்.


கண்டாவளை அம்மா | புதன், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. கையொப்பம் வைத்துவிட்டேன். கடிதத்தை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டு, வைத்தேனா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறான். என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்?


ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், ஒட்டுசுட்டான் | புதன், இரவு 9.50

பாடசாலை தந்த பட்டியலோடு, சித்திரையில் பின்னேரம் இடி மழை வரும் என்பதால் மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுங்கள். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை ஒன்று. சுருட்டை விரியன் உள்ள நிலம், இரவில் வெளிச்சம் இல்லாமல் நடக்கக்கூடாது. கைபேசியைக் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் அவன் அதனோடுதான் இருப்பான்.


வவுனிக்குளத்தான் | புதன், இரவு 10.05

ஒரு பேணி நிறையத் தின்பதற்கு ஏதாவது கொடுங்கள் அக்கா. அவனுக்கு மட்டும் காணுமாகக் கொடுக்காதீர்கள், எட்டுப் பேருக்குக் காணக் கொடுங்கள். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்து நீட்டினால் போதும்.


கண்டாவளை அம்மா | இரண்டு வாரங்களின் பின், ஞாயிறு, இரவு 8.20

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தான். தொண்டை கட்டியிருக்கிறது, உடுப்பெல்லாம் புகை மணம், மூக்கு வெயிலில் உரிந்திருக்கிறது. குளிக்கச் சொன்னேன், குளிக்காமல் குசினி வாசலில் நின்று கதை சொன்னான். என் மகன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

முதல் நாள் சோறு அடிப்பிடித்ததாம். இரண்டாம் நாள் அளம்பில் பையன் ஒருவன் தாய் கொடுத்துவிட்ட நெத்தலிக் கருவாட்டைப் பொரித்தானாம், அணி முழுவதும் அதற்காகவே இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதாம். நான் கொடுத்த பனங்கட்டியை இவன் முதலில் நீட்டியது அந்தப் பையனுக்குத்தான். அவனும் பேசாத பிள்ளையாம். "நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக விறகு அடுக்கினோம் அம்மா, ஒரு மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை, நல்லாக இருந்தது" என்றான்.

இரண்டாம் நாள் பின்னேரம் இடியோடு மழை. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்களாம். எனக்கு விளக்க வேண்டும் என்று தடியை எடுத்து முற்றத்து மண்ணில் கீறிக் காட்டினான். நான்கு பக்கமும் கீறிவிட்டு நிமிர்ந்தான். "பள்ளப் பக்கம் வாய் வெட்டிவிடாவிட்டால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "ஓம், எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

அவன் பிறந்ததிலிருந்து நான் சொல்லாத கதை. நேற்றுச் சொன்னேன். மண்வெட்டி இல்லாமல் சாப்பாட்டுக் கோப்பையால் வெட்டியதைச் சொன்னேன். சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். தடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்து கேட்டான்.

பிறகு பையைக் கொட்டியபோது பார்த்தால், எங்கள் பேணி இல்லை. அதே அளவில் வேறொரு பேணி, திறந்தால் கருவாட்டு மணம். மாறிவிட்டதா என்று கேட்டேன். "மாறவில்லை, மாற்றிக்கொண்டோம். சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றான். முருங்கன் தங்கச்சி, நீங்கள் சொன்னதை அவனிடம் ஒரு தடவைதான் சொன்னேன்.

அளம்பிலுக்கு முல்லைத்தீவு போய்த்தான் போக வேண்டும். பரந்தனில் ஏறினால் பஸ் புதுக்குடியிருப்பு தாண்டி வட்டுவாகல் பாலத்தால் போகும். 2009 வைகாசியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், அந்தப் பாலத்தால் நடந்து வெளியே வந்தவள் நான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. மாங்குளத்தால் சுற்றிப் போவோமா என்று மகனிடம் கேட்டேன். "நேரம் செல்லும் அம்மா. அவன் பஸ் நிலையத்தில் வந்து நிற்பான்" என்றான்.

பேணியைப் புளி போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன், மணம் போய்விட்டது. நாளைக்குப் பனங்கட்டி வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரந்தனில் ஏறுகிறோம்.